செய்தியோடையும் திரட்டியும்

நம் சங்கத்து அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலர் இன்று ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வேலை பார்க்கின்றனர். தந்தை தறியில் அமரும் வேளையில் மகன் கம்பெனி பஸ் ஏறுகிறான். அவ்வாறு போய்வரும் இளைஞர் சிலர் அண்மையில் நம்மிடம் ஒரு வினாவைக் கொண்டுவந்தனர். சங்கத்தின் வலைப்பதிவில் எழுதுவதை மீண்டும் முகநூலுக்கும் டெலிகிராமுக்கும் கையால் எடுத்துச் சென்று ஒட்டுவானேன்? மழை அறிவிப்பையும் ஏரி நீர்மட்டத்தையும் அன்றாடம் ஒருவர் தேடித் தேடிப் பார்ப்பானேன்? யந்திரமே செய்யாதா? செய்யும். எவ்வாறு செய்யும், எவ்விடத்தில் செய்யாது என்பதை அங்கத்தினர்கள் அனைவரும் அறிந்திருப்பது நலம் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

முதலில் ஓடை என்பதைச் சொல்லுவோம். வலைப்பதிவு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் எளிய எழுத்துக் கோப்பு உண்டு. கடைசியாக வெளியான சில பதிவுகளின் தலைப்பு, முகவரி, தேதி, தொடக்க வரிகள் ஆகியவை மட்டும் அதில் இருக்கும். படங்களும் அலங்காரங்களும் இரா. இதற்கு ஆர்எஸ்எஸ் என்று பெயர். 1999-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனம் இதன் முதல் வடிவை வெளியிட்டது. 2005-இல் ஆட்டம் என்னும் மற்றொரு வடிவும் தரமாக்கப்பட்டது. தமிழில் இதை ஓடை என்று அழைத்தவர்கள் பொருத்தமாகவே அழைத்தார்கள். ஓடைகள் பலவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது திரட்டி. திரட்டி குறித்த இடைவெளியில் ஒவ்வோர் ஓடையாகச் சென்று, 'புதிதாக ஏதேனும் உண்டா?' என்று பார்த்து வருகிறது. நீர்க்கட்டி மதகு மதகாகப் போய்ப் பார்த்து வருவதைப் போன்றதே இது.

தமிழர்களுக்கு இது புதிதன்று. 2004-இல் காசி ஆறுமுகம் அவர்கள் 'தமிழ்மணம்' என்னும் திரட்டியைத் தொடங்கினார். உலகின் பல மூலைகளிலிருந்து தமிழில் எழுதியவர்களின் பதிவுகள் அங்கே ஒரே பக்கத்தில், புதியது மேலாக, வரிசையாக வந்து நின்றன. எவருடைய எழுத்தையும் அது முழுவதுமாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைப்பையும் சில வரிகளையும் காட்டி, மிச்சத்தைப் படிக்க எழுதியவரின் வாசலுக்கே வாசகரை அனுப்பியது. இந்தக் கண்ணியத்தை நாம் குறித்துக்கொள்ளவேண்டும். அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொன்றாக இருந்த நிலை மாறி, யூனிகோடு பரவிவந்தமையும் திரட்டுதலுக்குப் பெரிதும் உதவிற்று. ஒருவருடைய 'அ' மற்றொருவருடைய கணினியில் வேறு குறியாகத் தெரிந்தால் எதைத் திரட்டுவது? தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பின்பும், பழைய எழுத்துருவில் தட்டெழுதிய விலைப்பட்டியல்கள் இன்றும் சில கைகளில் உலவுகின்றன. அவற்றை யந்திரத்தின் வாயில் இட்டால் வெளிவருவது வெறும் குப்பையே.

இனி, திரட்டியதை வைத்து ஒரு காரியம் செய்விக்கும் முறை. இதை நெசவாளருக்கு விளக்குவது எளிது. ஜக்கார்டு பெட்டியில் அட்டை திரும்புகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. அதன் கொக்கி மேலெழுந்து பாவு நூலைத் தூக்குகிறது. துளை இல்லையேல் நூல் கிடந்தபடியே கிடக்கிறது. லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் அமைத்த இந்த ஏற்பாட்டின் சாரம் 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்பதுதான். ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் உணர்வி ஒன்று பொருளைக் கண்டவுடன் யந்திரக் கை அசைவதும் இதே விதியால்தான். 2011-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இஃப்ட் என்னும் சேவையின் பெயருக்கே 'இது நேர்ந்தால் அது செய்' என்றுதான் பொருள். ஸேப்பியர், என்எய்ட்என் முதலியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. 'சங்க ஓடையில் புதிய பதிவு தோன்றினால், அதன் தலைப்பையும் முகவரியையும் டெலிகிராம் குழுவில் இடு' என்று ஒருமுறை அட்டை வெட்டிவிட்டால் போதும். பிறகு அது தானே நடக்கும். வாட்ஸ்அப் குழுக்களுக்கு மட்டும் இவ்வாறு அனுப்ப முற்படவேண்டா. அந்நிறுவனம் இசையாத குறுக்கு வழிகளால் அனுப்பினால் எண்ணே முடக்கப்படலாம்.

யந்திரம் சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது. இதை நாம் பட்டு அறிந்தோம். ஒரு சித்திரை மாதத்தில் நம் வலைப்பதிவை வேறோர் இடத்துக்கு மாற்றினோம். பழைய பதிவுகளின் முகவரிகள் யாவும் அதனால் மாறின. திரட்டி ஒரு பதிவைப் புதியதா பழையதா என்று கண்டறிவது அதன் அடையாளக் குறியால். குறி இல்லையேல் முகவரியால். ஆகவே மூன்றாண்டுப் பதிவுகள் அனைத்தும் அதற்குப் புதியனவாகத் தோன்றின. ஓர் இரவில் எல்லாம் குழுக்களுக்குப் போய்விட்டன. கழிந்துபோன தீபாவளித் தள்ளுபடி அறிவிப்பும் அவற்றுள் ஒன்று. மறுநாள் விற்பனைக்கூடத்துக்குப் பதினொரு பேர் வந்தனர். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிவந்த ஒரு மூதாட்டி, பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கென்று எண்ணி எடுத்துவந்த பணத்தை மேசைமேல் வைத்தார். தள்ளுபடி அரசு அனுமதித்த நாட்களுக்கு உரியது. நம் விருப்பப்படி கொடுக்க அதிகாரம் இல்லை. 'உங்கள் சங்கம்தானே அம்மா எழுதியிருந்தது' என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் விடை இல்லை. சேலை எடுக்காமலே போய்விட்டார். பிழை யந்திரத்தினுடையதன்று, நம்முடையதே. அதன் பின்னர், விலையும் தேதியும் உள்ள எந்த அறிவிப்பும் ஒருவர் கண்ணால் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வெளியேறும்படி விதியை அமைத்தோம். அறிவிப்பின் முதல் வரியிலேயே முடியும் தேதியை, ஆண்டோடு, எழுதுகிறோம்.

பயிர்த்தொழில் அங்கத்தினர்களுக்குத் திரட்டுதலே பெரிய பயன். ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் மிகுநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். 2015 டிசம்பர் முதல் நாளன்று அங்கிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி அளவுக்கு நீர் திறந்துவிடப்பட்டதையும், அடையாற்றங்கரை பட்ட துன்பத்தையும் எவரும் மறந்திரார். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் தளம் எச்சரிக்கைகளை ஓடையாகவே வெளியிடுகிறது. 'காஞ்சிபுரம்' என்ற சொல் தோன்றினால் தகவல் கொடு என்று விதி அமைப்பது அரைமணி நேர வேலை. செம்பரம்பாக்கம் நீர்மட்டத்தைச் சென்னைக் குடிநீர் வாரியம் தன் இணையப் பக்கத்தில் அன்றாடம் வெளியிடுகிறது. ஆனால் அது ஓடையாக அன்றி அட்டவணையாக இருக்கிறது. அத்தகைய பக்கத்திலிருந்து எண்ணை எடுத்துவரும் கருவிகளும் உள. பக்கத்தின் அமைப்பு மாறினால் அவை எச்சரிக்கை ஏதுமின்றித் தவறான கட்டத்து எண்ணை எடுத்துவரும் என்பதால் நாம் அவற்றை முழுவதும் நம்புவதில்லை.

பிறர் தளத்துக்குள் யந்திரத்தை அனுப்புமுன் வாசலைப் பார்க்கவேண்டும். எந்தெந்தப் பகுதிக்குள் யந்திரங்கள் நுழையலாகாது என்று சொல்லும் சிறு கோப்பு ஒன்றைத் தளங்கள் தம் வாயிலில் வைத்திருக்கும். 1994 முதல் உள்ள வழக்கம் இது. பிறர் கட்டுரையை முழுதாக எடுத்து நம் பெயரில் இடுவது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு மாறானது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பவர்மீது நமக்கு வரும் கோபம், இதிலும் வரவேண்டும்.

இன்னொன்று. இக்கருவிகள் பெரும்பாலும் அயலார் கடை. கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. ஓடைகளைப் பிரித்தும் சேர்த்தும் தந்த யாஹூ பைப்ஸ் 2015-இல் மறைந்தது. இஃப்ட் 2020-இல் இலவசக் கணக்குக்கு மூன்று விதிகள் என்று வரம்பு கட்டிற்று. டுவிட்டர் 2023-இல் யந்திர வழிக்குக் கட்டணம் விதித்தது. நம் ஊராருக்கு இவ்வனுபவம் வேறு உருவில் தெரியும்: 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் வேலை தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது, ஒரே வாயிலை நம்பிய குடும்பங்கள் எத்தனை! ஆதலின் மூலப்பதிவு சங்கத்தின் சொந்த முகவரியில் இருக்கவேண்டும். முகநூலும் டெலிகிராமும் அதன் கிளைகளாக மட்டும் இருக்கட்டும். ஓடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் என்னும் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால், ஒரு திரட்டி மூடினாலும் மற்றொன்றில் சில நிமிடங்களில் ஏற்றிவிடலாம். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை நிறுவிக்கொண்டால் திரட்டியே சங்கத்தின் உடைமை ஆகும். அதற்கு வழங்கியின் ஆண்டு வாடகையும், கவனித்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதில்தான் பல சங்கங்கள் இடறுகின்றன. ஆர்வமுள்ள ஓர் இளைஞர் தம் சொந்த மின்னஞ்சலில் எல்லாவற்றையும் தொடங்குகிறார். ஷிப்ட் மாறுகிறது அல்லது வேறூருக்குப் போகிறார். கணக்கு அவரோடு போய்விடுகிறது. கணக்குகள் சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கவேண்டும். கடவுச்சொற்களை எழுதி உறையிலிட்டு, முத்திரையிட்டு, காசுப் பெட்டியில் வைத்திருக்கிறோம். செயலாளர் மாறும்போது சாவி, ரொக்கம், இருப்புப் பதிவேடு ஆகியவற்றோடு அவ்வுறையும் எந்தெந்த விதி எங்கே ஓடுகிறது என்ற ஒரு பக்கக் குறிப்பும் கையொப்பம் பெற்று ஒப்படைக்கப்படும்.