அறிமுகமும் விண்ணப்பமும்

கல்வியை முடித்து உலகியல் வாழ்வில் அடியெடுத்து வைக்கும் இளைஞர் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. தொழில் தேடுங்கால் அறிந்தவர் வாயிலாக முயல்வது நன்றா? அன்றி, எவரையும் நாடாது நேரே விண்ணப்பம் விடுப்பது நன்றா? முன்னது மானத்திற்கு இழுக்கு என்பர் சிலர். பின்னது வீண் உழைப்பு என்பர் வேறு சிலர். இவ்விரு வழிகளின் இயல்பையும் கணித மேதை சீனிவாச இராமானுசன் வேலை தேடிய வரலாறு நன்கு விளக்கும்.

குடந்தையில் வளர்ந்த இராமானுசன், கணிதம் ஒன்றிலேயே உள்ளத்தைச் செலுத்தினார். ஏனைய பாடங்களில் கருத்தூன்றாமையால் எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவில்லை. பட்டம் இல்லை, பொருளும் இல்லை. 1909-ஆம் ஆண்டில் திருமணம் நிகழவே, குடும்பப் பொறுப்பும் சேர்ந்தது. அவர் கையிலிருந்த செல்வமெல்லாம், தாம் கண்ட கணித முடிபுகளை எழுதி வைத்த குறிப்பேடுகளே.

1910-ஆம் ஆண்டில் அவர் அக்குறிப்பேட்டுடன் திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். இராமானுசன் அவரிடம் வேண்டியது ஒரு சிறு எழுத்தர் வேலையே. குறிப்பேட்டைப் புரட்டிய ஐயர் வியந்தார். இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கடைநிலைப் பணியில் புதைத்தல் தகாது எனக் கருதி, சென்னையிலிருந்த தம் நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் அளித்தார். கேட்ட வேலை கிட்டவில்லை. ஆயினும் வழி பிறந்தது. ஒருவர் மற்றொருவரைக் காட்ட, இராமானுசன் இறுதியில் நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவை அடைந்தார். அவரோ முதலில் ஐயுற்றார். பலமுறை சந்தித்து, எளிய முடிபுகளிலிருந்து அரியனவற்றிற்கு இராமானுசன் விளக்கிச் சென்ற பின்னரே அவர் ஐயம் அகன்றது. மாதந்தோறும் பொருளுதவி செய்தார். வாயிலைத் திறந்தது அறிமுகம். உள்ளே இருக்கை தந்தது குறிப்பேடு.

பிறர் உதவியில் நெடுநாள் வாழ இராமானுசன் மனம் இசையவில்லை. சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் இடம் ஒன்று ஒழிந்திருப்பதை அறிந்து, 1912 பிப்ரவரி 9-ஆம் நாள் விண்ணப்பம் விடுத்தார். படிப்பைத் தொடர இயலாமற்போனதை அதில் அவர் மறைக்கவில்லை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த பரிந்துரையையும் உடன் இணைத்தார். மார்ச் முதல் நாள் 30 ரூபாய்ச் சம்பளத்தில் பணி ஏற்றார். இங்கே விண்ணப்பமும் அறிமுகமும் கைகோத்து நின்றன.

அறிமுகம் எட்டாத இடமும் உண்டு. கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கும் இராமானுசனுக்கும் முன்பின் பழக்கம் இல்லை. முன்னரே வேறு இருவருக்கு எழுதிய மடல்கள் பயன் தரவில்லை. ஆயினும் அவர் தளர்ந்தாரல்லர். 1913 சனவரி 16-ஆம் நாள் ஹார்டிக்கு நேரே எழுதினார். தம் சிறு ஊதியத்தையும், பல்கலைக்கழகக் கல்வி இன்மையையும் ஒளியாது கூறி, தாம் கண்ட தேற்றங்களை அம்மடலில் நிரப்பியிருந்தார். மன்றாடும் சொற்கள் செய்ய இயலாததை அத்தேற்றங்கள் செய்தன. 1914-இல் அவர் இங்கிலாந்து சென்றார். 1918-இல் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

அறிமுகத்தின் ஆற்றலை அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரனோவெட்டர் ஆராய்ந்து, 1973-ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். தெரிந்தவர் வாயிலாக வேலை பெற்றவருட் பெரும்பாலோர்க்கு வழிகாட்டியவர், நாள்தோறும் பழகும் நெருங்கிய நண்பர் அல்லர். எப்போதோ சந்திக்கும் அறிமுகத்தினரே. காரணம் எளிது. நெருங்கியவர் அறிந்த செய்தி பெரும்பாலும் நாமும் அறிந்ததே. வேறு வட்டத்தில் வாழ்பவரே புதுச் செய்தி கொணர்வர். முன்பின் அறியாத இராமசாமி ஐயர், இராமானுசனுக்குப் புதியதோர் உலகின் வாயிலைக் காட்டியதும் இவ்வாறே.

எனினும் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். தகுதியுடையவனை இன்னான் எனத் தெரிவிப்பது அறிமுகம்; தகுதியற்றவனைச் செல்வாக்கால் பதவியில் அமர்த்துவது முறைகேடு. முன்னது மறைந்த விளக்கை மன்றத்தில் ஏற்றுவது. பின்னது பிறனுக்கு உரிய இடத்தைக் கவர்வது. அறிந்தவர் எவரும் இல்லாத ஏழை மாணவனுக்கு நேரிய விண்ணப்பமே உற்ற துணை. அதனை நேர்மையுடன் ஆராய்ந்து பார்த்தல், வேலை வழங்குவோரின் கடமை.

ஆதலின், நல்லோரை அணுகி வழி கேட்க நாணுதல் வேண்டா. அறியாதவர்க்கு எழுத அஞ்சுதலும் வேண்டா. எவ்வழிச் செல்லினும், ‘உன்னிடம் உள்ளது யாது?’ என்னும் வினா வாயிலில் காத்து நிற்கும். அதற்கு விடையாக நீட்டத்தக்க குறிப்பேடு ஒன்றை, இளமையிலேயே ஒவ்வொருவரும் எழுதத் தொடங்குதல் வேண்டும்.