வயிற்றில் வலி, ரத்தத்தில் ஈயம்

தொப்புளைச் சுற்றிச் சுருட்டிப் பிடிக்கும் வலி. நான்கைந்து நாளாக மலம் போகவில்லை. அசதி, மூட்டு வலி, காரணமில்லாத எரிச்சல். அல்சர் மாத்திரைக்குக் கேட்கவில்லை. ஸ்கேன், எண்டோஸ்கோபி இரண்டிலும் ஒன்றுமில்லை. அப்பெண்டிக்ஸ் என்று அறுவைச் சிகிச்சை வரை போனவர்களும் உண்டு. பெரியவர்களைத் தாக்கும் காரீயம் எனும் ஈய நஞ்சு இப்படித்தான் வேறு நோய்களின் பெயரில் மாதக்கணக்கில் அலைக்கழிக்கும்.

“என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்டிருந்தால் பல நேரம் முதல் நாளே பிடிபட்டிருக்கும். நோயாளியிடம் இதையும் கேட்கவேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-லேயே எழுதிவைத்தார். ஈய மெருகு பூசும் குயவர்களின் கைகள் நடுங்கி, பிறகு செயலிழப்பதைக் கண்டவர் அவர். இன்று பழைய பேட்டரியை உடைத்து உருக்குபவர்களும், பழைய பெயின்டைச் சுரண்டுபவர்களும் அந்தக் குயவர்களின் இடத்தில் இருக்கிறார்கள்.

வேலைக்கு அடுத்துக் கேட்கவேண்டியது மருந்து. 2004-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. சர்க்கரைக்கும் மூலத்துக்கும் குழந்தைப்பேற்றுக்கும் சாப்பிடும் பொடிகளை நம் ஆட்கள் டாக்டரிடம் சொல்வதே இல்லை. நாட்டு மருந்துதானே என்று விட்டுவிடுகிறார்கள். அந்த டப்பாவைக் கையோடு எடுத்துப்போவது நல்லது. பிறகு பாத்திரம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வேறு உலோகமான வெள்ளீயத்தில் செய்யப்படுவது, அதில் ஆபத்தில்லை. காரீயம் கலந்த மட்டமான சொம்பு என்றால் புளி அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும்.

ரத்தமும் துப்பு தரும். சிவப்பணுவின் நிறமியான ஹீமை உடல் தயாரிக்கும் வழியில் உள்ள நொதிகளை ஈயம் முடக்குகிறது. அதனால் ரத்தசோகை வருகிறது. இரும்புச்சத்து குறைவாக இல்லாதபோதும் இரும்பு மாத்திரை எழுதித் தருகிறார்கள், ஹீமோகுளோபின் ஏறுவதில்லை. நுண்ணோக்கியில் சில சிவப்பணுக்களுக்குள் நீலப் புள்ளிகள் தூவினாற்போல் தெரியும். ஈறு விளிம்பில் ஓடும் நீலக்கோட்டை லண்டன் மருத்துவர் ஹென்றி பர்ட்டன் 1840-ல் விவரித்தார். ஆனால் இந்த அடையாளங்கள் எல்லாருக்கும் வருவதில்லை. இவை இல்லை என்பதற்காக நோயும் இல்லை என்று தள்ளிவிடக் கூடாது.

உறுதிசெய்ய சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஈய அளவு பார்க்கவேண்டும். முடியையும் நகத்தையும் சோதிப்பது இதற்கு உதவாது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடும் வயிற்று வலி பெரும்பாலும் 40, 50-ஐத் தாண்டியபின் வருவது. அதற்குக் கீழே சத்தமில்லாமல் ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ரத்த அளவு அண்மைய வாரங்களின் கணக்கைத்தான் காட்டும். அதில் பாதி ஒரு மாத அளவில் இறங்கிவிடும். உடம்பில் சேர்ந்த ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் போய்ப் பல்லாண்டு தங்குகிறது. கால்சியத்தோடு சேர்ந்து அது மறுபடி ரத்தத்துக்கு வரும். பட்டறை வேலையை எப்போதோ விட்ட பெண்ணுக்குக் கர்ப்பத்தின்போதும், மாதவிடாய் நின்றபின்னும் அளவு ஏறுவது இதனால்தான்.

முதல் சிகிச்சை, ஈயம் உள்ளே போகும் வழியை அடைப்பது. அளவு மிக அதிகமானால் அதைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அதே புகையில் வேலை செய்துகொண்டே அவற்றை எடுத்துப் பயனில்லை. ஒருவருக்கு உறுதியானதும் வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, ரத்தம் பார்த்தாகவேண்டும். பட்டறைத் தூசி அவர் சட்டையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு தினமும் வீடு வந்திருக்கும்.