பீடியை நிறுத்த மருந்து இருக்கிறது



இன்ஹேலர் வாங்க உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் பெரியவர்கள் சிலரின் சட்டைப் பையில் பீடிக்கட்டும் இருக்கிறது. "நுரையீரல் போனது போனதுதானே, இனிமேல் விட்டு என்ன ஆகப் போகுது?" என்கிறார்கள்.

ஆகும். சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் இழந்த மூச்சு திரும்பாது. ஆனால் மிச்சமிருப்பது வேகமாகக் குறையாமல் காக்கலாம். இன்ஹேலர் இளைப்பைத் தணிக்கும். அந்த வேகத்தைக் குறைப்பது புகையை நிறுத்துவதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆரம்பநிலை பாதிப்புள்ள 5,887 பேரை ஐந்தாண்டு கவனித்து 1994இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. அதில் நிகோட்டின் கம்மும் ஆலோசனையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேர் தொடர்ந்து புகையை விட்டிருந்தனர். அவை இல்லாதவர்களில் 5 பேர்தான்.

ரமளானில் பகலெல்லாம் தாங்கியவர் நோன்பு திறந்ததும் பற்றவைத்தால், ஈமான் போதவில்லை என்று வீட்டில் ஏசுகிறார்கள். மூளை நிகோட்டினுக்கு அடிமையாகிவிட்டது. அதுவும் ஒரு நோய்தான். ஏச்சுக்கு அது கேட்காது.

2 மில்லிகிராம் கம் மருந்துக் கடையில் கிடைக்கும். எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம். அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மீண்டும் மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி முன்பிருந்தே டீ, காபி கூடாது. தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு. வரெனிக்லின், புப்ரோபியான் மாத்திரைகளை டாக்டர் சொன்னால் மட்டுமே சாப்பிட வேண்டும். புகையை விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வலிப்பு உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது.

நோன்பு நேரத்தில் கம் மெல்லக் கூடாது. இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் மெல்லலாம். தோல்பட்டை நோன்பை முறிக்காது என்று ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997இல் தீர்மானித்துள்ளது. ஐயமிருந்தால் நம் இமாமிடம் கேளுங்கள்.

டெரிஃபிலின் சாப்பிடுபவர்கள் கவனிக்க: புகையை விட்டதும் அம்மருந்தின் அளவு ரத்தத்தில் கூடும். படபடப்பும் குமட்டலும் வரலாம். விடப்போவதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் அளவைப் பார்த்துக் குறைப்பார்.

பீடிக்கட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 எண்ணில் தமிழிலும் இலவசமாகப் பேசலாம். மூச்சுத்திணறல் அதிகமுள்ளவர்கள் தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனைக்குப் போகலாம். வசதியில்லாதவர்கள் டாக்டர் சீட்டுடன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தால், இன்ஹேலருக்குத் தருவதைப் போலவே இந்த மருந்துகளுக்கும் உதவி தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.