எதிலிருந்து குறைக்கிறீர்கள்?

2035-க்குள் உமிழ்வை எவ்வளவு குறைக்கப்போகிறோம் என்ற புதிய தேசியக் காலநிலைத் திட்டத்தை ஒவ்வொரு நாடும் ஐ.நா.விடம் கொடுக்க வேண்டிய கெடு 2025 செப்டம்பர். முதலில் வைத்த கெடு 2025 பிப்ரவரி 10. அன்றைக்குள் கொடுத்தவை ஏறக்குறைய ஒரு டஜன் நாடுகள்தான். மற்றவர்களுக்காகக் கெடு செப்டம்பர் வரை நீண்டது. நவம்பரில் பிரேசிலின் பெலேம் நகரில் காலநிலை மாநாடு கூடியது; அதற்கு முன் எல்லாக் கணக்கையும் கூட்டிப் பார்த்தாக வேண்டியிருந்தது. அந்தச் செப்டம்பர் இறுதிவரை இந்தியா கொடுக்கவில்லை.

இதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் கேள்விகள் பல, குழப்பம் ஒன்றுதான். இந்தியா 45 சதவீதம் என்றது, துருக்கி 41 சதவீதம் என்றது, இலங்கை 14.5 என்றது, சீனா 7 முதல் 10 என்றது. யார் அதிகம் செய்கிறார்கள்? இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. பாரிஸ் ஒப்பந்தம் என்றால் என்ன, பூமி ஏன் சூடாகிறது என்பதையெல்லாம் தாண்டி, நேராக இந்தச் சதவீதக் கணக்குக்குப் போய்விடுகிறேன்.

சதவீதம் சரி, எதில் சதவீதம்?

பணக்கார நாடுகள் ஓர் ஆண்டைச் சொல்லி, அந்த ஆண்டின் உமிழ்விலிருந்து இத்தனை சதவீதம் குறைப்போம் என்கின்றன. ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுடையது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 1990. அதற்குப் பிறகுதான் கிழக்கு ஐரோப்பாவின் பழைய ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. கொள்கை எதுவும் வகுக்காமலே ஒரு பெரிய குறைப்பு கணக்கில் சேர்ந்தது. ஜப்பானுக்கு 2013. ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் அணு உலைகளை நிறுத்திவிட்டு நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. உமிழ்வு உச்சத்தில் இருந்தது. அங்கிருந்து அளந்தால் எந்த இறக்கமும் பெரிதாகத்தான் தெரியும். ஜப்பான் இப்போது சொல்லும் 60 சதவீதம் அந்த உச்சியிலிருந்து எடுத்த அளவு.

சீனா 2025 செப்டம்பர் 24 அன்று ஐ.நா. காலநிலைக் கூட்டத்தில் முதன்முறையாக மொத்த உமிழ்வையே குறைப்பதாகச் சொன்னது வரவேற்கத்தக்கதுதான். ஆனால் குறைப்பது 'உச்ச அளவிலிருந்து'. எந்த ஆண்டின் உச்சம், எத்தனை டன் என்பதைச் சொல்லவில்லை.

இவர்களாவது நடந்துபோன, அல்லது நடக்கப்போகும் ஓர் அளவைச் சுட்டுகிறார்கள். வளரும் நாடுகள் பலவற்றின் திட்டத்தில் இருக்கும் அளவுகோல் நடக்கவே நடக்காத ஒன்று. 'எதுவும் செய்யாமல் வழக்கம்போல் போயிருந்தால் 2030-இல் எங்கள் உமிழ்வு இவ்வளவு இருந்திருக்கும். அதிலிருந்து இத்தனை சதவீதம் குறைவாக இருப்போம்' என்பதுதான் அது. பி.ஏ.யூ. கோடு என்று இத்துறையினர் சொல்வது இதைத்தான். விலையை ஏற்றி ஒட்டிவிட்டு அதன்மேல் ஆடித் தள்ளுபடி கொடுப்பதற்கு இந்த ஏற்பாடு மிகத் தாராளமாக இடம் தருகிறது.

அந்தக் கோட்டை வரைவது யார்?

அந்தந்த நாட்டு அரசுக்காக, பெரும்பாலும் ஆலோசகர்கள். வளரும் நாடுகளுக்குத் திட்டம் எழுதவும் நிறைவேற்றவும் உதவ ஒரு பெரிய ஏற்பாடே இருக்கிறது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 'கிளைமேட் பிராமிஸ்' நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் வேலை செய்கிறது. 2016-இல் மராக்கேஷில் தொடங்கிய 'என்.டி.சி. பார்ட்னர்ஷிப்'பின் செயலகத்தை அமெரிக்காவின் டபிள்யூ.ஆர்.ஐ. நிறுவனமும் ஐ.நா. காலநிலை அலுவலகமும் நடத்துகின்றன. ஜெர்மனியின் ஜி.ஐ.இசட்., உலக வங்கி, தென்கொரியாவில் தலைமையகம் கொண்ட பசுமைக் காலநிலை நிதியம் எல்லாம் உண்டு. பத்திரிகைக் குறிப்புகளில் இதற்குப் பெயர் 'திறன் மேம்பாடு'. நடைமுறையில் இதில் பெரும்பகுதி அறிக்கை எழுதுவது, பயிலரங்கு நடத்துவது, கணினி மாதிரி ஓட்டுவது. இவற்றில் மூன்றாவதுதான் முக்கியம்.

பல நாடுகளில் ஓடும் மென்பொருள் 'லீப்'. ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனம் உருவாக்கியது, ஏழை நாடுகளுக்கு இலவசம். அதில் மக்கள்தொகை, பொருளாதார வளர்ச்சி விகிதம், எரிபொருள் பயன்பாடு ஆகியவற்றை இட்டால் எதிர்காலக் கோடு வரும். வளர்ச்சி விகிதம் என்ற கட்டத்தில் 5 என்று போடுவதா, 7 என்று போடுவதா என்பது ஒரு நிமிட முடிவு. அதன் விளைவைப் பாருங்கள்.

இன்றைய உமிழ்வு 100 என்றும், அது பொருளாதாரத்தோடு சேர்ந்தே வளர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தால் 15 ஆண்டுகளில் அது 208 ஆகும்; 7 சதவீதம் வளர்ந்தால் 276. இரண்டாவது கோட்டை வரைந்துகொண்டு அதிலிருந்து 20 சதவீதம் குறைப்பதாக ஒரு நாடு வாக்குக் கொடுக்கிறது. இலக்கு 221. உண்மையில் வளர்ச்சி 5 சதவீதமாகவே இருந்துவிட்டால்? ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் 208-இல் நின்று, இலக்கைத் தாண்டிச் சாதித்ததாக அறிக்கை கொடுக்கலாம்.

கற்பனைக் கணக்கு என்று ஒதுக்க வேண்டாம். துருக்கி 2015-இல் போட்ட கோடு 2030-இல் சுமார் 117.5 கோடி டன்னைத் தொட்டது. அதிலிருந்து 21 சதவீதம் குறைப்போம் என்றது. 2023-இல் அதை 41 சதவீதமாக உயர்த்தியபோது பாராட்டு கிடைத்தது. இலக்கை டன்னாக மாற்றினால் சுமார் 69.5 கோடி. 2020-இல் துருக்கியின் உமிழ்வு ஏறக்குறைய 52.4 கோடி டன். '41 சதவீதக் குறைப்பு' என்பது நடைமுறையில் 30 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஏற்றம்.

இதில் பொய் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அனுமானங்கள் எல்லாம் அறிக்கையில் அச்சாகியே இருக்கும். நேர்மையான நிபுணர்களுக்கும் விடை ஒத்துவராது. 2009 செப்டம்பரில், கோபன்ஹேகன் மாநாட்டுக்கு முன், இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஐந்து ஆய்வுகளை ஒரே தொகுப்பாக வெளியிட்டது. 2031-இல் இந்தியாவின் உமிழ்வு எவ்வளவு என்ற ஒரே கேள்விக்கு 400 கோடி டன்னிலிருந்து 730 கோடி டன் வரை பதில்கள். அந்த ஐந்தில் இரண்டு ஒரே நிறுவனம் செய்தவை: டெரி. அவற்றிலேயே ஒன்று சுமார் 490 கோடி என்றது, மற்றொன்று 730 கோடி என்றது. கணக்குப் போட்டவர்களின் திறமையில் குறையில்லை. உள்ளே இட்ட அனுமானங்கள் வேறு.

இதற்கு மாற்று உண்டா?

உண்டு, கட்டடத் துறையில். அதே டெரியின் தென்மண்டல மையம் பெங்களூரு தொம்மலூர் இரண்டாம் ஸ்டேஜில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் சஞ்சய் மோகே வடிவமைத்தது. மனையின் தென்புறம் கழிவுநீர் ஓடும் கால்வாய். காற்று வருவதும் அந்தப் பக்கமிருந்து, நாற்றத்தோடு. அதனால் தெற்குச் சுவரை அடைத்து, கறுப்புக் கடப்பா கல் பதித்து, கல்லுக்குப் பின்னால் இடைவெளி விட்டார்கள். வெயிலில் கல் சுட, இடைவெளியில் உள்ள காற்று மேலேறி வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப வடபுறமிருந்து அறைகள் வழியே குளிர்ந்த காற்று நுழைகிறது. ஏ.சி.யின் தேவை குறைகிறது.

இப்படிப்பட்ட கட்டடம் எவ்வளவு மின்சாரம் மிச்சப்படுத்துகிறது என்று எப்படிச் சொல்வது? இதுவும் கட்டப்படாத ஒன்றோடு ஒப்பிடும் கணக்குதான். ஆற்றல் சேமிப்புக் கட்டட விதிமுறை என்று ஒன்றை மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு வெளியிட்டிருக்கிறது. அதன் ஒரு முறைப்படி, நீங்கள் கட்டும் கட்டடத்தை அதே அளவுள்ள ஒரு கற்பனைக் கட்டடத்தோடு கணினியில் ஒப்பிட வேண்டும். ஆனால் அந்தக் கற்பனைக் கட்டடத்தின் சுவர், கண்ணாடி, ஏ.சி. எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்பதை விதிமுறையே எழுதி வைத்திருக்கிறது. கட்டட உரிமையாளர் தன் வசதிக்கு ஓர் ஓட்டைக் கட்டடத்தைக் கற்பனை செய்து, அதைவிட நான் மேல் என்று சொல்ல முடியாது.

காலநிலைத் திட்டத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2018-இல் காட்டோவீட்சே மாநாட்டில் எழுதிய விதிகள், எந்த அளவிலிருந்து குறைக்கிறீர்கள் என்பதை எண்களோடு விளக்கச் சொல்கின்றன. விளக்கினால் போதும், கோடு நியாயமானதா என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. வாக்குக் கொடுக்கும் நாடே கோட்டையும் வரைகிறது, அதற்கு உதவும் ஆலோசகர் அந்த நாட்டு அமைச்சகத்தின் ஒப்புதல் இல்லாமல் அறிக்கையை முடிக்க முடியாது. ஓர் ஆலோசகர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, சதவீதத்தோடு 2035-இல் மொத்தம் எத்தனை டன் என்ற எண்ணையும் முதல் பக்கத்திலேயே எழுத வைப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இலங்கைத் திட்டத்தில் 'நிபந்தனையோடு' என்று இருக்கிறதே?

இலங்கை 2021-இல் கொடுத்த திட்டத்தில் 2030 வரை 14.5 சதவீதக் குறைப்பு. அதில் 4 சதவீதம் சொந்தக் காசில், மீதி 10.5 சதவீதம் வெளிநாட்டு நிதியும் தொழில்நுட்பமும் வந்தால்தான். இதுவும் பி.ஏ.யூ. கோட்டிலிருந்து எடுத்த குறைப்பே. உலகச் சூட்டுக்கு அந்த நாடு காரணம் அல்ல என்பதால் பணம் கேட்பதில் தவறே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: கோடு எவ்வளவு உயரமோ, அவ்வளவு நிதி கேட்கலாம். உயரமான கோடு அரசுக்கும் நல்லது, அடுத்த திட்டத்துக்கு நிதி தேடும் ஆலோசனை நிறுவனத்துக்கும் நல்லது.

திட்டம் கொடுத்த மறு ஆண்டே நாடு கடனில் மூழ்கியது. டீசலுக்கு வரிசை, நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு, பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. கோட்டோடு ஒப்பிட்டால் இந்தத் துயரமும் காகிதத்தில் உமிழ்வுக் குறைப்பாகத்தான் விழும்.

இந்தியாவின் 45 சதவீதம்?

இந்தியா பி.ஏ.யூ. கோடு போடவில்லை. ஜி.டி.பி.யின் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் உமிழ்வை 2005-ஐவிட 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பதாக 2022 ஆகஸ்டில் சொன்னது. ஜி.டி.பி. மூன்று மடங்கானால், இலக்கை முழுதாக எட்டிய பிறகும் மொத்த உமிழ்வு 65 சதவீதம் கூடியிருக்கும். 2020 வரை 36 சதவீதம் குறைத்துவிட்டதாக அரசு ஐ.நா.வுக்கு எழுதியிருக்கிறது, கணக்கு சரிதான். தலைக்கு இவ்வளவு குறைவாக உமிழும் நாட்டுக்கு வளர உரிமை உண்டு என்பதும் சரிதான். ஆனால் அமைச்சர்கள் மேடையில் இதை 'உமிழ்வைக் குறைத்தோம்' என்று சுருக்கிச் சொல்லும்போது வகுக்கும் எண் காணாமல் போய்விடுகிறது.

பாதி மின்சாரம் நிலக்கரி இல்லாமல் வருகிறதாமே?

பாதி நிறுவுதிறன், பாதி மின்சாரம் அல்ல. 2025 ஜூன் இறுதியில் மொத்தம் 4.85 லட்சம் மெகாவாட், அதில் புதைபடிவ எரிபொருள் சாராதது 2.43 லட்சம். சூரியத் தகடு இரவில் சும்மா இருக்கும்; உண்மையில் உற்பத்தியான மின்சாரத்தில் இவற்றின் பங்கு ஏறக்குறைய கால்வாசி. பாதி என்ற இலக்கை நிறுவுதிறனில் வைத்ததால்தான் ஐந்து ஆண்டு முன்கூட்டியே வெற்றி அறிவிக்க முடிந்தது.

கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் சொன்ன 500 ஜிகாவாட் நிறுவுதிறன் இந்தியாவின் திட்டத்தில் உண்டா?

மேடையில் சொன்னது, ஐ.நா.விடம் 2022-இல் கொடுத்த இலக்குகளில் அது இல்லை.

அமெரிக்கா?

பைடன் 61 முதல் 66 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார். டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலக உத்தரவிட்டார், அது 2026 ஜனவரியில் நடப்புக்கு வந்தது.

வாக்கு தவறினால் அபராதம்?

கிடையாது, ஒப்பந்தத்தின் 15-ஆம் பிரிவு அமைத்த குழு தண்டிக்கக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

கெடு தவறினால்?

கூட்டிப் பார்க்கும் அறிக்கையில் உங்கள் எண் இருக்காது, அவ்வளவுதான்.

பெங்களூருவின் 2050 காலநிலைத் திட்டத்துக்கு இனி யார் பொறுப்பு?

2023 நவம்பரில் டபிள்யூ.ஆர்.ஐ. இந்தியாவின் ஆலோசனையோடு அதை வெளியிட்ட பெங்களூரு மாநகராட்சி (பி.பி.எம்.பி.) 2025 செப்டம்பர் 2-ஆம் தேதி முதல் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது; யாருக்கு எத்தனை டன் என்று பிரித்துக் கொடுக்கும் வரை, எந்த ஆணையரிடம் கேட்டாலும் அடுத்த மாநகராட்சியைக் கை காட்டலாம்.