கம்பியில் குத்திய கார்டு

முன்பெல்லாம் கிராமங்களில், ஓட்டு வீட்டு உத்தரத்தில் ஒரு கம்பி தொங்கும். படித்து முடித்த கடிதமெல்லாம் அதில்தான் போய்ச் சேரும். அதிலிருந்து நண்பன் எழுதிய பழைய கார்டு ஒன்றை உருவிப் பாருங்கள். நடுவில் துளை, சுற்றிலும் துருக்கறை. ஓரமெல்லாம் பழுப்பு, உள்ளே அவ்வளவு இல்லை. நண்பனின் நீல எழுத்து மங்கிக் கிடக்கும். அஞ்சலக முத்திரையோ நேற்றுக் குத்தியதுபோல் கறுப்பாக இருக்கும். ஏன் இந்த ஓரவஞ்சனை?

காகிதம் மரக்கூழில் ஆனது. மரத்தை விறைப்பாக நிற்கவைக்கும் லிக்னின் என்ற பொருள் மலிவான காகிதத்தில் தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுக்கும். கம்பியில் கார்டுகள் நெருக்கியடித்து இருந்ததால் விளிம்புதான் அதிகம் மாட்டிக்கொண்டது. பழைய காகிதத்தில் லேசாக வெனிலா வாசம் வருவதற்கும் லிக்னின் சிதைவதுதான் காரணம்.

நீல மை, சாயம். ஒளி பட்டு அதன் மூலக்கூறு உடைந்தால் நிறமும் போய்விடும். முத்திரை மையில் இருப்பது கரி. கரியை வெயில் ஒன்றும் செய்யாது. சுவரில் அடுப்புக்கரியால் கிறுக்கிய பால் கணக்கு வருடக்கணக்கில் நிற்பதும் அதனால்தான். கல்யாணச் சேதி சொன்ன கார்டின் மூலையில் தடவிய மஞ்சளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, வெளிச்சத்தில் வெளிறிவிடும்.

முத்திரைத் தேதி படிக்க முடியாவிட்டாலும் கார்டின் வயதைக் கணிக்கலாம். இந்தியாவில் அஞ்சலட்டை வந்தது 1879 ஜூலை 1 அன்று, விலை காலணா. அச்சிட்ட விலை 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட அச்சு. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு எழுதியது.

திருநெல்வேலியிலிருந்து விமர்சகர் தி.க.சி. இளம் எழுத்தாளர்களுக்குத் தட்டிக்கொடுத்து எழுதிய கார்டுகள் பிரபலம். அப்படியொன்று உங்களிடம் இருந்தால், சட்டம் போட்டு வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். இருட்டுப் பெட்டியே அதற்கு நல்லது.

மங்கிய எழுத்தும் முழுக்கப் போய்விடவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கார்டின் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள். பேனா அழுத்திய பள்ளங்களில் நிழல் விழும். பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தால் பல எழுத்துகள் திரும்பி வரும், நண்பன் எந்த வார்த்தையை அழுத்தி எழுதினான் என்பதோடு சேர்த்து.