பொருளுக்கும் ஓர் இஸ்னாத் வேண்டும்

அரச தொல்பொருட் சேகரிப்புகளும் அவற்றின் பதிவேடுகளும்: கண்டியிலிருந்து ஒரு நோக்கு

ஒருவர் ஹதீஸ் ஒன்றை எடுத்துச் சொன்னால், "யார் அறிவித்தது? அவர் யாரிடம் கேட்டார்?" என்று விசாரிப்பது நமக்குப் பழகிய வழக்கம். மத்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும் இஸ்னாத் இல்லாவிட்டால் அதை ஆதாரமாகக் கொள்ளமாட்டோம். தொல்பொருள் விடயத்திலும் இதே கணக்குத்தான். ஓட்டுத்துண்டு, செப்புக்காசு, அறபெழுத்துப் பொறித்த மீஸான் கல் என எதுவானாலும், எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருந்தால்தான் அது சாட்சி. குறிப்பு தொலைந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பழைய சாமான், அவ்வளவுதான்.

இதற்கு நம் வரலாற்றிலேயே இரண்டு கற்கள் உதாரணமாக இருக்கின்றன.

முதலாவது, கொழும்பு முஸ்லிம் மையவாடியில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல். காலித் இப்னு அபூபகாயா என்பவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஹிஜ்ரி 337, அதாவது கி.பி. 948 என்று பொதுவாகக் காலம் குறிக்கப்படுவது. ஒல்லாந்தர் காலத்தில் அதிகாரி ஒருவர் அதைப் பெயர்த்தெடுத்துத் தன் வீட்டுப் படிக்கல்லாகப் போட்டிருந்தார் என்று செய்தி. இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் அதன் பிரதியை இங்கிலாந்துக்கு அனுப்பி வாசிக்கச் செய்தார். வாசகம் 1827இல் அரச ஆசிய சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. பத்தாம் நூற்றாண்டில் இங்கே நம்மவர் வாழ்ந்தார்கள் என்று நாம் மேடையில் பேசுவதெல்லாம், மிதிபட்டுக் கிடந்த அந்தக் கல்லை ஒருவர் பிரதி எடுத்து வைத்ததால்தான்.

இரண்டாவது, காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்தளபதி செங் ஹோ 1409 என்ற ஆண்டைப் பொறித்து நிறுத்தியது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில், மூன்று சமயத்தாருக்குமாக எழுதப்பட்டது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. 1911இல் காலி நகரில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தபோது ஒரு பொறியியலாளரின் கண்ணில் பட்டது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. கண்ட இடம் பதிவானதால் 'காலிக் கல்வெட்டு' என்ற பெயர் நிலைத்தது. ஆனால் மதகுக்கு வருமுன் அது எங்கே நின்றது? அந்தக் கண்ணி அறுந்துவிட்டது. தமிழ்ப் பகுதி தேவந்துறைத் தெய்வத்தைக் குறிப்பதால், முதலில் அங்கே நிறுத்த எண்ணிய கல்லா என்று அறிஞர்கள் இன்றும் ஆராய்கிறார்கள்.

1815 மார்ச் 2: ஒரு கோடு

இலங்கையில் தொல்பொருள்களுக்கு அரசுதான் முதற் பொறுப்பாளி. தொல்பொருளியல் திணைக்களம் 1890இல், எச். சி. பி. பெல் காலத்தில் தொடங்கியது. இன்றுவரை அடிப்படையாக இருப்பது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம். மண்ணுக்குள் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருள் அரசுக்கே உரியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைத் தேடித் தோண்டக்கூடாது.

அந்தச் சட்டம் எதைத் தொல்பொருள் என்கிறது? 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதை. அன்றுதான் கண்டி மகுல் மடுவவில் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. தலதா மாளிகைப் பக்கம் போகும்போது நாம் கடந்துபோகும் அதே மண்டபம். அங்கே விழுந்த கையெழுத்து முழு நாட்டின் தொல்பொருளுக்கும் எல்லைக்கோடாகிவிட்டது.

இந்தக் கோடு நம்மை நேரடியாகத் தொடுகிறது. மத்திய மலைநாட்டு முஸ்லிம்களின் எழுத்துச் சான்றுகளில் நம் கையில் மிஞ்சியிருப்பவை அநேகமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு உரியவை: அறபுத் தமிழ்க் கிதாபுகள், பள்ளிக் கணக்குப் புத்தகங்கள், காணி உறுதிகள், வைத்தியக் குறிப்புகள். இவை கோட்டுக்கு இந்தப் பக்கம். பிற்காலக் கட்டடங்கள் சில வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு லெப்பையின் அலுமாரியில் இருக்கும் ஏட்டுக்கு அப்படியொரு காவல் தானாக வந்து சேராது.

சேகரிப்பு என்றால் பொருள் மட்டுமா?

கண்டியில் அரசின் கையில் இரண்டு சேகரிப்புகள் அருகருகே இருக்கின்றன. அரசியர் வாழ்ந்த பல்லே வாசலில் தேசிய நூதனசாலை. 1942இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இது தேசிய நூதனசாலைகள் திணைக்களத்தின் கீழ் வருவது. பழைய அரண்மனையில் தொல்பொருள் நூதனசாலை. இது தொல்பொருளியல் திணைக்களத்துக்கு உரியது. பழைய ஆவணங்கள் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் பொறுப்பு. பொருள் ஓரிடத்தில், பெயர்ப்பட்டியல் இன்னோரிடத்தில், அதைப் பற்றிய கடிதக் கோப்பு மூன்றாவது இடத்தில் என்று சிதற இந்த ஏற்பாட்டில் இடம் அதிகம்.

ஆகவே 'சேகரிப்பு' என்றால் பொருளும் பதிவும் சேர்ந்ததுதான். அகழாய்வுக் குறிப்புக் கொப்பி, குழியின் வரைபடம், போட்டோ, பழைய கண்ணாடித் தகடு, கல்வெட்டின் மைப்படி, சேர்வுப் பதிவேடு, பொருள் இரவல் போய் வந்த கடிதம் எல்லாம் அதில் அடங்கும். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமான தொல்பொருட் சேகரிப்புகளுக்கு 1990இல் தனி விதிகள் வந்தன. பொருளைப் போலவே அதனோடு இணைந்த பதிவுகளையும் காக்க வேண்டும் என்பது அந்த விதிகளின் சாரம். தேங்கிக் கிடந்த பெட்டிகளைத் திறந்து, எண்ணி, பதிந்து, மறுபடி அடுக்கும் வேலைக்கு 2009 முதல் படையிலிருந்து விலகியவர்களைப் பயிற்றி அமர்த்துகிறார்கள். சேகரிப்பும் ஒழுங்காகிறது, அவர்களுக்கும் ஒரு தொழில் கைவருகிறது.

மதிப்பீடு எப்படி நடக்கும்?

பாடசாலையில் வருசாவருசம் 'போர்ட் ஒஃப் சர்வே' வரும். கதிரை, மேசை, கரும்பலகை எல்லாவற்றையும் எண்ணி, இருப்புப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, உடைந்ததை வெட்டிவிடுவார்கள். தொல்பொருள் மதிப்பீடும் எண்ணுவதில்தான் தொடங்குகிறது. ஆனால் உடைந்தது என்று எதையும் வெட்டிவிட முடியாது. உடைந்த ஓட்டுத்துண்டுதான் அங்கே பாதிச் சரித்திரம்.

முதல் வேலை இரு பக்க ஒப்பீடு. புத்தகத்தில் உள்ள இலக்கம் றாக்கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். றாக்கையில் உள்ள பொருள் புத்தகத்தில் இருக்கிறதா என்று திரும்பவும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் காணாமற்போனது தெரியும், பதியாமல் கிடப்பது தெரியாது.

இரண்டாவது, உடல்நிலை. கண்டிக் காலநிலை இதற்குப் பெரிய சோதனை. மழையும் பனியும் ஈரமும் மாறி மாறி வரும். ஓலைச்சுவடியைப் பூச்சி துளைக்கும். காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இரும்புக் கத்தி துருவேறும். செம்பிலும் வெண்கலத்திலும் வெளிர்பச்சைத் தூளாக ஒரு நோய் தோன்றி உள்ளே அரித்துக்கொண்டே போகும். கல்லும் தப்பாது: ஈரத்தோடு ஏறிய உப்பு, காயும்போது மேற்பரப்பை உதிர்த்துவிடும். எழுத்து இருப்பது அந்த மேற்பரப்பில்தான். பரிகாரம் பெரும்பாலும் எளிமையானது. நிலத்திலிருந்து உயர்த்தி வைப்பது, சுவரோடு ஒட்டாமல் வைப்பது, காற்றோட்டம், அமிலமற்ற பெட்டி, உலோகத்துக்கு ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணி, மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கும் ஓர் ஆள். இதில் கிடைக்கக் கஷ்டமானது கடைசியில் சொன்னதுதான்.

மூன்றாவது, பதிவுகளின் உடல்நிலை. லேபல் நூல் அறுந்ததா, மை மங்கியதா, பதிவேட்டுக்கு இரண்டாவது பிரதி உண்டா, அது வேறு கட்டடத்தில் இருக்கிறதா? 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்ததைக் கண்டியில் யாரும் மறக்கவில்லை. ஒரே கட்டடத்தில் பொருளையும் அதன் ஒரே பதிவேட்டையும் வைத்தால் ஒரு நிமிடத்தில் இரண்டும் போய்விடலாம்.

நான்காவது, முந்துரிமை. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் காப்பாற்ற எந்தத் திணைக்களத்துக்கும் காசு இல்லை. எது வேகமாக அழிகிறது, எதற்கு மாற்றுப் பிரதி இல்லை என்ற இரண்டு கேள்விக்கும் 'இதுதான்' என்று பதில் வரும் பொருளை முதலில் எடுக்க வேண்டும். ஐக்குரோமும் யுனெஸ்கோவும் 2011இல் பல நாட்டு நூதனசாலைகளில் நடத்திய ஆய்வு, உலகச் சேகரிப்புகளில் 60 வீதமளவு களஞ்சியத்தில் ஆபத்தான நிலையில் இருப்பதாகக் கண்டது. நம் நாட்டுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல என்பது ஓர் ஆறுதல், ஆனால் மருந்தல்ல.

பதிவு பேசிய இடங்கள்

1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனைக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போனவற்றுள், பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த லேவ்கேயின் பீரங்கியும் ஒன்று. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையில் இருந்தது. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. எச். டி. எச். டி சில்வா, வெளிநாடுகளில் கிடக்கும் இலங்கைத் தொல்பொருள்களுக்கு 1975இல் ஒரு பெரிய விவரப்பட்டியல் வெளியிட்டார். பின்னாளில் இரு நாட்டு ஆய்வாளரும் சேர்ந்து, ஒவ்வொரு பொருளும் எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போனது என்று ஆவணங்களில் தேடினார்கள். 2023இல் பீரங்கி, வாள்கள், கத்தி, துப்பாக்கிகள் என ஆறு பொருள்கள் இலங்கைக்குத் திரும்பின. வெறும் கோரிக்கை பல வருடம் இருந்தது. அதற்குக் கனதி கொடுத்தது இந்த இஸ்னாத் தேடல்.

மறுபக்கமும் உண்டு. 2012 மார்ச்சில் கொழும்பு தேசிய நூதனசாலையிலேயே திருட்டு நடந்தது. வாளும் நாணயமும் களவு போயின. களவு போன பின்பு பொலிசுக்கு என்ன கொடுப்பது? அதற்காகவே 1997 முதல் 'ஒப்ஜெக்ட் ஐடி' என்ற சர்வதேச முறை இருக்கிறது. போட்டோ, பொருளின் வகை, அளவு, செய்த பொருள், அதிலுள்ள எழுத்து, காலம், செய்தவர், தனி அடையாளம் (கீறல், ஒடிவு, ஒட்டு) என ஒரு பக்கத்துக்குள் அடங்கும் விவரம். ஒரு போனும் அடிமட்டமும் இருந்தால் போதும்.

தமிழ்நாட்டிலும் இப்பிரச்சினை நீதிமன்றம் வரை போனது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல்லாண்டாக மைசூரில் இந்தியத் தொல்லியல் துறையிடம் இருந்தன. கல் உடைந்து, கோயில் புதுப்பிக்கப்பட்டு, மூலமே அழிந்த இடங்களில் அந்தக் காகிதம்தான் மூலம். அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

நமக்கு இதில் என்ன?

கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவில் தவளம் மாட்டோடு உப்பும் கருவாடும் ஏற்றினார்கள். அரச வைத்தியர்களாக இருந்தார்கள். மன்னரிடம் காணி பெற்றார்கள். லோர்ணா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூல் இதை விரித்துச் சொல்கிறது. அவரைப் போன்றவர்கள் எழுத முடிந்தது பதிவுகள் இருந்ததால். கண்டி மாவட்ட நீதிபதியாக இருந்த லோரி 1890களில் தொகுத்த மத்திய மாகாண விவரத்திரட்டில் ஊர் ஊராகச் சன்னஸ், காணி, குடிகள் பற்றிய செய்தி இருக்கிறது. மூல ஓலை எரிந்தாலும் அதில் பதிந்த செய்தி எரியாது.

பதிவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் கம்பளையைப் பார்க்கலாம். 1344இல் இப்னு பதூதா இலங்கை வந்தார். குனகார் என்ற தலைநகரையும் அதன் புறத்தே ஷிராஸ் நாட்டு ஷெய்கு உஸ்மானின் பள்ளியையும் குறிப்பிட்டார். குனகார் கம்பளையா, குருநாகலா? விவாதம் ஓயவில்லை. அதே 1344ஆம் ஆண்டுக்குரிய இலங்காதிலகக் கல்வெட்டு, சிங்களத்திலும் தமிழிலுமாகக் கண்டிக்குப் பக்கத்துப் பாறையில் இன்றும் நிற்கிறது. அதன் காலத்தைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை.

2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்காக ஒரு ஜனாதிபதி செயலணி அமைந்தபோது, தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. அதை நாம் கண்டித்தது நியாயம். ஆனால் மேசையில் நமக்கும் ஒரு கதிரை கிடைக்கும் நாளில் கையில் என்ன கொண்டுபோவோம்? எங்கட பக்கத்தில் பள்ளியை உடைத்துப் புதுசாகக் கட்டும்போது பழைய மிம்பர், எழுதிய கதவுநிலை, மீஸான் கல் எல்லாம் எங்கே போனது என்று கேட்டால் "அது பழசு, சேர்" என்பார்கள். இதுவும் ஓர் அழிப்புத்தான், செய்வது நாமே.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. அக்குறணை, மடவளை, கம்பளை, கலகெதர என்று ஊருக்கு ஊர் நிர்வாக சபை ஒரு பதிவேடு திறக்கலாம்: ஒரு பொருளுக்கு ஒரு பக்கம், மேலே சொன்ன விவரங்களோடு, இரண்டு பிரதி, இரண்டு இடத்தில். மீஸான் கல்லைச் சுண்ணாம்போ பெயின்டோ பூசாமல், கம்பித் தூரிகை போடாமல், சாய்வெயிலில் போட்டோ எடுத்தாலே எழுத்துத் தெளியும். அத்திவாரம் தோண்டும்போது பழம்பொருள் வந்தால் வேலையை நிறுத்தி அறிவிக்க வேண்டும். மறைத்தால் சட்டமும் போச்சு, சாட்சியும் போச்சு. ஏடுகளைக் கொடுக்க மனமில்லாதவர்கள் நூலகம் நிறுவனம் போன்றவற்றிடம் ஸ்கேன் செய்துகொண்டு மூலத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். அரச சேகரிப்பில் நம் ஊர்ப் பொருள் ஏதும் உண்டா என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் விண்ணப்பிக்கலாம். கேட்பவர் இருந்தால்தான் பதிவேடும் தூசு தட்டப்படும்.

குர்ஆனின் மிக நீளமான வசனம், கடனை எழுதிவைத்துச் சாட்சியும் வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனம். நம்பிக்கை உள்ளவர்களுக்கு இடையிலேயே எழுத்து வேண்டும் என்று கற்ற சமூகம் நாம். முன்னோர் நமக்குத் தந்துபோனதும் ஒரு கடன்தான். அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும்போது, எழுதிக் கொடுப்போம்.