பற்சொத்தையைத் தொடக்கத்திலேயே காட்டும் லேசர் ஒளி



பல்வலி வந்த பிறகே பல் மருத்துவரிடம் போகிறவர்கள் நம்மிடையே அநேகர். வலி தொடங்கும்போது சொத்தை பெரும்பாலும் எனாமலைத் தாண்டி உள்ளே ஆழமாகச் சென்றிருக்கும். அப்போது பல்லைக் குடைந்து அடைப்பது, வேர்ச்சிகிச்சை செய்வது, அல்லது பல்லைப் பிடுங்குவது ஆகிய வழிகளே மீதியாயிருக்கும். குடைந்தெடுத்த பகுதி மறுபடி வளராது. ஆகவே சொத்தையை அதன் தொடக்கத்திலேயே கண்டுகொள்வது மிகவும் அவசியம்.

சொத்தை ஒரே நாளில் உண்டாவதில்லை. இனிப்புப் பண்டங்கள் பல்லில் தங்கும்போது அங்குள்ள கிருமிகள் அவற்றை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலிலுள்ள கால்சியம், பாஸ்பேட் உப்புக்களைக் கரைக்கிறது. நமது உமிழ்நீரோ அவ்வுப்புக்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. குழி விழாதிருக்கும்வரை இந்த இழப்பைத் தடுத்து நிறுத்தவும், ஓரளவு ஈடுசெய்யவும் கூடும். புளோரைடு இதற்குப் பெரிதும் துணைசெய்கிறது.

கடைவாய்ப்பற்களின் மேலுள்ள ஆழமான பள்ளங்களில் சொத்தையைக் கண்டுபிடிப்பது கடினம். மேலே எனாமல் நன்றாகத் தோன்றும். அடியிலோ சொத்தை பரவியிருக்கும். அங்கே தொடக்கநிலைச் சொத்தை எக்ஸ்ரே படத்திலும் தெரியாமல் போவதுண்டு. கூரிய கருவியால் அழுத்திக் குத்திப் பார்த்தால், பலவீனமான எனாமல் உடைந்துபோகக்கூடும்.

இதற்கு உதவியாக வந்ததே லேசர் ஒளிர்வு முறை. ஜெர்மனியைச் சேர்ந்த காவோ நிறுவனம் 1998-ம் ஆண்டு ‘டயக்னோடென்ட்’ என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. அதன் முனையிலிருந்து 655 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளி பல்லினுள் செல்கிறது. நல்ல பல் மிகக் குறைவாகவே ஒளிரும். சொத்தைப் பகுதியில் கிருமிகள் உண்டாக்கும் போர்ஃபைரின் போன்ற பொருட்கள் அதிகமாக ஒளிரும். கண்ணுக்குப் புலப்படாத அந்த ஒளிர்வைக் கருவி அளந்து, 0 முதல் 99 வரையுள்ள ஓர் எண்ணாகக் காட்டுகிறது. இதில் வலியில்லை, எக்ஸ்ரே கதிர்களும் இல்லை.

ஆனால் எண் உயர்ந்தவுடனே பல்லைக் குடைந்துவிடலாகாது. காரை, கறை, உணவுத் துணுக்கு, பல் துலக்கும் பசையின் மிச்சம் ஆகியவையும் எண்ணை உயர்த்தும். எனவே முதலில் பல்லைச் சுத்தம் செய்து, உலர்த்த வேண்டும். மேலும், கிருமிகளின் பொருட்கள் சேராத வெள்ளைப் புள்ளி நிலையில் எண் குறைவாகவே இருக்கக்கூடும். ஆகையால் மருத்துவரின் கண்பார்வைக்கும் எக்ஸ்ரே படத்துக்கும் இக்கருவி ஒரு துணை மட்டுமே. இதை மட்டும் நம்பினால், அடைக்க வேண்டியிராத பல்லையும் அடைக்க நேரிடும்.

இதன் சிறந்த பயன் தொடர்ந்து கண்காணிப்பதில் இருக்கிறது. ஒரு பிள்ளையின் கடைவாய்ப்பல்லில் இன்று 15 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அந்த இடத்தையும் எண்ணையும் அட்டையில் குறித்து, புளோரைடு பூசி, இனிப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்புகிறார் மருத்துவர். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் எண் ஏறாமலிருந்து, பார்வைக்கும் மாற்றமில்லையென்றால், பல்லைத் தொடாமலே காத்திருக்கலாம். 30-ஐத் தாண்டிவிட்டதென்றால் மறுபடி கவனமாகப் பரிசோதித்து, தேவையான சிகிச்சையைத் தொடங்கலாம்.

நண்பர்களே, ஒரு மருத்துவமனைக்கு இத்தகைய கருவி கிடைத்தால் மாத்திரம் போதாது. பிள்ளைகள் குறித்த காலத்தில் திரும்பி வரவேண்டும். அட்டைகள் பத்திரமாயிருக்க வேண்டும். பொறுமையாகப் பார்க்க மருத்துவருக்கு நேரமும் வேண்டும். இவை இல்லாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

கருவி இல்லாத ஊர்களிலும் நாம் செய்யக்கூடியது உண்டு. புளோரைடு கலந்த பற்பசையால் தினமும் இருமுறை பல் துலக்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவும் பசை போதும். ஆறு வயதளவில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லைப் பால்பல் என்றெண்ணி விட்டுவிடாதீர்கள். வலி வருமுன்னே அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.